மருந்து அடித்த கையும் நெல்லிக்காயும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல பூச்சிக்கொல்லிகள் உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை (செல்களைச் சேதப்படுத்தும் வேதிப்பொருட்கள் மிகும் நிலையை) கூட்டி விந்தணுவைச் சிதைக்கக்கூடியவை. நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரையில் உள்ளவை போன்ற தாவர ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அதைத் தணிக்கும் என்பது பெரும்பாலும் எலிகளிடம் கண்டது. தாராளமாகச் சாப்பிடுங்கள், கவசம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

தெளிப்பவரின் உடலுக்குள் மருந்து பெரும்பாலும் தோல் வழியாகவே இறங்குகிறது. கைலியை மடித்துக் கட்டி, பாட்டில் மூடியில் மருந்தை அளந்து, வேப்பங்குச்சியால் கலக்கி, அதே விரலால் பீடி பற்றவைக்கிறோமே, அங்கேதான் வினை! கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அந்தத் துணியைக் குழந்தைகளின் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அதற்கு மூன்று மாதம் முன்பே தெளிப்பானை இறக்கி வைப்பது நல்லது.