வைகை டேம் தண்ணிய வச்சு பெரிய நம்பர் கணக்கு

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, அறிவியல் குறியீடு வந்தாலே சைபர எண்ணி எண்ணி தப்பு விடுறா. பெரிய நம்பர ஒரு சின்ன நம்பர், அதோட 10ஓட அடுக்குன்னு பெருக்கலா சுருக்கி எழுதுறது தான் அறிவியல் குறியீடு, திட்ட வடிவம்னு சொல்றதும் இதத்தான். 10 மேல பொடிசா நிக்கிற நம்பர் தான் அடுக்கு. அவளுக்குச் சொன்னத அப்படியே இங்க போடுறேன்.

முதல்ல ரெண்டு நம்பர மனசுல ஏத்திக்கோங்க, லட்சம்னா 10⁵, கோடின்னா 10⁷. நம்ம ஊரு கமா ரெண்டு ரெண்டு இலக்கமா வரும், அதனால கமாவ எண்ணி அடுக்கு போடவே போடாதீங்க, பாதிப் பேரு இங்க தான் மார்க்க விடுறாங்க. முதல் இலக்கத்துக்கு அப்புறம் எத்தன இலக்கம் இருக்குன்னு மட்டும் எண்ணுங்க. 2011 சென்சஸ்ல மதுரை மாவட்டம் 30,38,252 பேரு. 3க்கு அப்புறம் ஆறு இலக்கம், அப்ப 3.04 × 10⁶, அம்புட்டு தான்.

இப்ப வைகை டேமுக்கு வருவோம். 71 அடி நிரம்புனா சுமார் 6 டிஎம்சி. ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி, நூறுக்கு 2, கோடிக்கு 7, கூட்டுனா 9, ஆக 6 × 10⁹ கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், அதாவது 2.83 × 10¹. பெருக்கும்போது முன்னாடி நம்பர பெருக்கி அடுக்க கூட்டணும், 16.98 × 10¹⁰ வரும். இதோட நிறுத்திறாதீங்க, முன்னாடி நிக்கிற நம்பர் 1ல இருந்து 10க்குள்ள இருக்கணும் (10 வரக்கூடாது), அதனால புள்ளிய ஒரு இடம் இடது பக்கம் தள்ளி அடுக்க ஒண்ணு ஏத்துனா 1.698 × 10¹¹, கிட்டத்தட்ட 1.7 × 10¹¹ லிட்டர்.

அத மாவட்டத்து ஜனத்தொகையால வகுத்துப் பாப்போம், வகுத்தலுக்கு அடுக்க கழிக்கணும். 1.7 ÷ 3.04 = 0.56, 11 − 6 = 5, அப்ப 0.56 × 10⁵. இது 1க்குக் கீழ போயிருச்சு, புள்ளிய வலது பக்கம் தள்ளி அடுக்க ஒண்ணு குறைங்க, 5.6 × 10⁴. ஆளுக்கு 56,000 லிட்டர். சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் பாசனத்துக்கும் இதுல தான் போகணும்னு நினைக்கும்போது தண்ணியோட அருமை தெரியுது.

கூட்டல்ல மட்டும் ரொம்ப கவனம். டேம்ல 5 × 10⁹ கன அடி இருக்கு, இன்னும் 4 × 10⁸ வந்து சேருதுன்னா 9ன்னு எழுதிறக்கூடாது. அடுக்க முதல்ல ஒண்ணாக்கணும், 4 × 10⁸ங்கிறது 0.4 × 10⁹, அப்ப மொத்தம் 5.4 × 10⁹. கழித்தலுக்கும் இதே தான்.

போன் கால்குலேட்டர்ல விடைக்கு நடுவுல இங்கிலீஷ் ஈ எழுத்து வந்தா எரர்னு அழிச்சிறாதீங்க, அதுக்குப் பின்னாடி நிக்கிறது தான் 10ஓட அடுக்கு.