பழைய இறக்குமதி லேத்துக்கு மாற்று உதிரிபாகம் தேடும் முறை

பல ஆண்டுகள் துருவேறிக் கிடந்த வெளிநாட்டு லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை மீண்டும் ஓட்ட நினைப்பவர்கள், பெரும்பாலும் முதல் நாளிலேயே கம்பெனிப் பெயரைச் சொல்லி உதிரிபாகம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பீஸ்டனில் இருந்த மைஃபோர்ட் ஆலை 2011இல் மூடப்பட்டது. அமெரிக்காவின் சவுத் பெண்ட் என்ற பெயர் இன்று வேறொரு நிறுவனத்தின் கையில் உள்ளது. பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதே இயந்திரத்தின் பாகங்களில் பல, நிர்ணயித்த அளவுகளில் செய்யப்படும் பேரிங், பெல்ட், போல்ட், சாவி (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் உலோகக் கட்டை), மோட்டார் போன்ற பொதுச் சரக்குகளாகவே இருக்கும். ஆகவே எந்தப் பாகம் பொதுச் சரக்கு, எது அந்த இயந்திரத்துக்கே உரியது என்று பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்பாக ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: உடைந்த பாகத்தை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள். மூன்று பல் போன கியரிலும் எஞ்சிய பற்களை அளக்க முடியும். பாதியாக உடைந்த லீவரிலும் துளையின் அளவு அப்படியே இருக்கும். கழற்றும்போதே ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, எந்தத் தண்டில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எழுதி, தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள்.

அடுத்து, இயந்திரம் எது என்று உறுதி செய்ய வேண்டும். சவுத் பெண்ட் லேத்தில் வரிசை எண், பெட் எனும் நீண்ட அடித்தளத்தில் டெயில்ஸ்டாக் (வேலைத்துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) இருக்கும் முனையில், மேற்பரப்பிலேயே குத்தப்பட்டிருக்கும். பல தயாரிப்பாளர்கள் இந்த இடத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெயின்ட்டும் கெட்டிப்பட்ட எண்ணெயும் அதை மறைத்திருந்தால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பாருங்கள்; உப்புத்தாள் போட்டால் எண்ணே தேய்ந்துவிடும். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்ணைப் பாக எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வார்ப்பை இரண்டு மூன்று மாடல்களுக்கு வெவ்வேறு விதமாகக் கடைந்து பயன்படுத்துவது வழக்கம் என்பதால், வார்ப்பு எண் ஒத்துப்போனாலும் துளை ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

இயந்திரத்தின் உறவுமுறையையும் விசாரித்து வையுங்கள். இங்கிலாந்தின் பாக்ஸ்ஃபோர்ட், ஆஸ்திரேலியாவின் ஹெர்கஸ் ஆகிய இரண்டும் சவுத் பெண்ட் 9 அங்குல லேத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. மூன்றிலும் ஸ்பிண்டிலின் (வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டின்) மூக்கு ஒன்றரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 8 மரையும் கொண்டது. ஆகவே ஒன்றுக்கான ஃபேஸ் பிளேட்டை (வேலைத்துண்டைக் கட்டும் தட்டை) மற்றொன்றுக்கும் முயன்று பார்க்கலாம். ஆயினும் மூக்கில் தட்டு வந்து உட்காரும் இருக்கைப் பகுதியின் விட்டத்தை அளக்காமல் வாங்க வேண்டாம்.

பேரிங் விஷயத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஓரத்தில் பொறித்த எண்ணே முகவரி. 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்தாலும் இதுவே. எண் அழிந்திருந்தால் இந்த மூன்று அளவும் போதும். ஸ்பிண்டில் பேரிங்குக்கு மட்டும் எண்ணின் பின்னால் வரும் துல்லியத் தரக் குறியையும் பாருங்கள். பி5 இருந்த இடத்தில் சாதாரணத் தரத்தைப் போட்டால் ஸ்பிண்டில் சுற்றும், ஆனால் கடைசல் வட்டமாக வராது. மைஃபோர்ட் எம்.எல்.7 போன்ற சில லேத்துகளில் ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டியில்) உருளைகளே இல்லை. வெண்ணுலோகத்தில் செய்த வெற்று பேரிங்தான். அங்கே புதியது வாங்குவதற்கு முன், மூடிக்கடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்துப் பார்த்தாலே தளர்வு பெரும்பாலும் சரியாகிவிடும்.

கியரில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இங்கிலாந்து, அமெரிக்க லேத்துகளின் கியர்கள் பெரும்பாலும் டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்ற அங்குலக் கணக்கிலும் ஐரோப்பிய லேத்துகளின் கியர்கள் மாட்யூல் என்ற மில்லிமீட்டர் கணக்கிலும் வெட்டப்பட்டவை; இரண்டுமே பல்லின் அளவைக் குறிப்பவை. மில்லிமீட்டரில் அளந்த வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும், 25.4ஐ மாட்யூலால் வகுத்தால் டி.பி. கிடைக்கும். 40 பல் கியரின் வெளிவிட்டம் 53.34 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 42ஆல் வகுத்தால் 1.27, அதாவது 20 டி.பி. கடையில் எளிதாகக் கிடைப்பதோ 1.25 மாட்யூல். அதில் அதே 40 பல் கியரின் வெளிவிட்டம் 52.5 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நான் ஒருமுறை அப்படி நம்பி வாங்கி மாட்டினேன். கியர் சுற்றத்தான் செய்தது, ஆனால் அரைக்கும் சத்தம் நிற்கவேயில்லை. கழற்றிப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்த பழைய கியரின் பற்களிலும் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. பற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் காலிப்பர் உண்மையான விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மாட்யூல் தெரிந்தபின் அழுத்தக் கோணத்தை, அதாவது பற்கள் ஒன்றையொன்று தள்ளும் சாய்வை, கண்டறிய வேண்டும். பழைய கியர்களில் 14.5 பாகை பரவலாக உண்டு. இன்றைய கியர்கள் பெரும்பாலும் 20 பாகை. இரண்டையும் கலக்கக் கூடாது. காலிப்பரின் தாடைகளுக்கிடையே நான்கு பற்களைப் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஐந்து பற்களைப் பிடித்து அளங்கள். மேலே சொன்ன 20 டி.பி. கியரில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 3.86 மில்லிமீட்டர் வந்தால் 14.5 பாகை, 3.75 வந்தால் 20 பாகை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தேடுகிறோம் என்பதால், தேயாத பற்களில் மூன்று நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். இந்த எண்களோடு துளை, சாவிப்பள்ளம், முக அகலம் ஆகியவற்றையும் எழுதிக்கொடுத்தால் கியர் வெட்டும் பட்டறை எதுவும் செய்து தரும். பழைய லேத்துகளைப் பிரித்து விற்பவர்களிடமும் கம்பெனிப் பெயர் சொல்லாமலேயே கேட்க முடியும்.

போல்ட், நட் விஷயம் சிறிதுதான், ஆனால் அலட்சியம் வேண்டாம். விட்வொர்த் எனும் பழைய இங்கிலாந்து மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக்கிலும் அமெரிக்க மரையிலும் 60 பாகை. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்கக் கரடுமரையில் 13. கால் அங்குலத்தில் இரண்டிலுமே 20 என்பதால் தவறான போல்ட்டும் உள்ளே ஏறிவிடும். ஏறினாலும் மரையின் பக்கங்கள் முழுவதும் பதியாது. வார்ப்பிரும்பில் உள்ள துளை ஒருமுறை கெட்டால் சரிசெய்வது பெரும்பாடு. பிட்ச் கேஜ் (மரையின் இடைவெளியைப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

கிராஸ் ஸ்லைடில் (வெட்டுளியைக் குறுக்கே நகர்த்தும் பகுதியில்) கைப்பிடி கால் சுற்றுக்கு மேல் வெறுமனே திரும்பினால் எல்லாரும் வெண்கல நட்டை மட்டும் தேடுவார்கள். திருகையும் பாருங்கள். அது நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்ந்திருக்கும்; அங்கே சரியாக ஓடும் புதிய நட், தேயாத முனைகளில் இறுகி நின்றுவிடும். அங்குல லேத்துகளில் இது பெரும்பாலும் 29 பாகை ஆக்மி மரை, மெட்ரிக் லேத்துகளில் 30 பாகை டிரபிசாய்டல் மரை. இரண்டும் நீளக் கம்பியாகவே விற்கப்படுகின்றன. கிராஸ் ஸ்லைடு திருகு பல லேத்துகளில் இடது மரை என்பதைக் கவனித்து வாங்கி, பழைய திருகின் கைப்பிடி முனையை வெட்டி, துளையிட்டு, புதிய கம்பியைச் செருகி, குறுக்கே ஒரு பின் (ஊசி) அடித்து இணைத்துக்கொள்ளலாம். நட் கிடைக்காவிட்டால் அசிட்டால் பிளாஸ்டிக் துண்டு இரண்டை, அதே மரையுள்ள ஒரு வெட்டுத்துண்டுக் கம்பியின் இருபுறமும் வைத்து வைஸில் பிடித்து, கம்பியைச் சூடாக்கிக்கொண்டே மெதுவாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் இளகி மரையை அப்படியே வாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடானால் அசிட்டாலிலிருந்து நச்சு வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

பெல்ட்டுக்காக ஸ்பிண்டிலைக் கழற்ற வேண்டியிருந்தால், கண்ணிகளாகக் கோத்துக்கொள்ளும் லிங்க் பெல்ட் வாங்குங்கள். மேல் அகலம் 13 மில்லிமீட்டர் என்றால் ஏ பிரிவு, 10 என்றால் இசட் பிரிவு.

வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பேக் பிளேட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பிண்டில் மூக்குக்கு ஆயத்தமான பேக் பிளேட் அரிதாகவே கிடைக்கும்; கடையாத வார்ப்பாக வாங்கி உங்கள் லேத்திலேயே கடைந்துகொள்வதே நல்லது. ஆனால் வார்ப்பு ஸ்பிண்டிலில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதே ஸ்பிண்டிலின் மூக்கில் போட்டுப் பார்க்க வழியில்லை. எனவே முதலில் ஓர் இரும்புத் துண்டில் மூக்கின் மரையையும் இருக்கையையும் அச்சாகக் கடைந்து, அதைக் கேஜாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வார்ப்பை ஃபேஸ் பிளேட்டில் கட்டி உள்மரை வெட்டி, கேஜ் தளர்வின்றி ஏறி இருக்கையில் முட்டும்வரை சிறிது சிறிதாக எடுங்கள். அதன்பின் ஃபேஸ் பிளேட்டைக் கழற்றி, பேக் பிளேட்டை நேரடியாக ஸ்பிண்டிலில் ஏற்றி, சக் உட்காரும் மேட்டை அங்கேயே கடையுங்கள். இறுதி அளவுக்கு முந்தைய வெட்டில் ஒரு கணம் நிறுத்தி, சக்கின் பின்குழியை மீண்டும் ஒருமுறை அளந்துவிட்டுக் கடைசி வெட்டைப் போடுங்கள்.