மோவாய் முடிக்கு எலக்ட்ராலிசிஸ்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறையில் கோயம்புத்தூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், என் கட்டைவிரல் தானாக மோவாய்க்குப் போய்விடும். முந்தின நாள் பிடுங்கியதில் தப்பித்த ஒரு முடி, முள் மாதிரி நிற்கும். பல வருஷம் இப்படியே ஓடியது. கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் குழைத்து அத்தை பூசிவிட்டார். முகம் மஞ்சளானதுதான் மிச்சம். பூச்சு எதுவும் வேர் வரைக்கும் போகாது. எலக்ட்ராலிசிஸ் போகும்: ஒவ்வொரு முடியின் துளையிலும் மெல்லிய ஊசியை இறக்கி, மின்சாரம் பாய்ச்சி வேரையே அழிப்பதுதான் அது.

முதலில் டாக்டரைப் பாருங்கள். பெண்களுக்குத் திடீரென்று மோவாயிலும் மேல்உதட்டிலும் முரட்டு முடி வந்தால், மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனால், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) போல ஹார்மோன் காரணம் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ஊசிக்குப் போனால் இருக்கிற முடி போகும், பக்கத்தில் புதுசு வந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பட்ட இடம் தடித்துப் புடைக்கிற உடம்பு என்றாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, பிடுங்குவதை நிறுத்துவது. ஊசி வலியைவிட எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. முடி நிற்கிற துளை வழியாகத்தான் ஊசி வேருக்கு இறங்குகிறது. த்ரெட்டிங், வேக்ஸிங் செய்தால் வழிகாட்ட முடியே இருக்காது. அது மறுபடி தலைகாட்டப் பல வாரம் ஆகும். கத்தரியால் ஒட்ட வெட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. அப்படி வெட்டிக்கொண்டுதான் இரண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். ஊசிக்குப் போகும் நாளில் மட்டும் முடி கிடுக்கியில் பிடிபடும் அளவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

லேசர் போதாதா என்று கேட்பீர்கள். லேசர் முடியின் கருமையைத் தேடிச் சுடுகிறது. நரைத்த முடி, வெளிறிய முடி அதற்குச் சிக்காது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ லேசரை ‘நிரந்தரமாகக் குறைப்பது’ என்கிறது, எலக்ட்ராலிசிஸைத்தான் ‘நிரந்தரமாக நீக்குவது’ என்கிறது. கை, கால் முழுக்க என்றால் நானே லேசரைத்தான் சொல்வேன். ஒவ்வொரு முடியாக எடுக்கிற வேலைக்கு அங்கே பொறுமை போதாது.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. கண்ணுக்குள் திரும்பி வளர்ந்து உறுத்திய இமைமுடியை எடுக்க, சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் 1875இலேயே இதைப் பயன்படுத்தினார். அவர் வழி கால்வானிக். நேர்மின்சாரம் மயிர்க்காலில் இருக்கும் உப்பையும் நீரையும் காஸ்டிக் சோடாவாக மாற்றும், அது வேரைக் கரைக்கும். இன்னொன்று தெர்மாலிசிஸ், உயர் அதிர்வெண் மின்சாரத்தின் சூட்டில் வேரை வேகவைப்பது. இது வேகமானது. இரண்டும் சேர்ந்தது பிளெண்ட். எதைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடம் பார்க்கும்போது கண் ஊசியில்தான் இருக்க வேண்டும். நான் முதலில் போன ஒரு பார்லரில் திறந்த கிண்ணத்தில் இருந்து ஊசியை எடுத்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஊசி ஒருவருக்கு மட்டுமே, உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும். முதல் நாள் சின்ன இடத்தில் சோதனையாகச் செய்து, தோல் எப்படி ஆறுகிறது என்று பாருங்கள். வீட்டு மெஷின் வாங்கி நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம்.

சரி, படுக்கையில் படுத்தாச்சு. கால்வானிக், பிளெண்ட் என்றால் ஈரத்துணி சுற்றிய ஒரு உலோகத் தண்டைக் கையில் கொடுப்பார்கள், மின்சாரம் சுற்றி வர அது வேண்டும். ஊசி இறங்குவது பெரும்பாலும் தெரியாது. மின்சாரம் வரும்போது சுருக்கென்று ஒரு சூடு. மேல்உதட்டில் கண்ணீரே வந்துவிடும். “வேதனை உண்டோ மோளே?” என்று எனக்கு ஊசி போட்ட சேச்சி கேட்டபடியே அளவைக் குறைத்தார். நீங்களும் வாய் திறந்து சொல்லுங்கள். அப்புறம் கிடுக்கியால் முடியை எடுப்பார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். நெய்யில் கிடந்த முடி மாதிரி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வெடுக்கென்று இழுபட்டால் வேர் சாகவில்லை, வெறுமனே பிடுங்கியதாகத்தான் அர்த்தம். ஒன்றிரண்டு அப்படி ஆகும். எல்லாமே அப்படி என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பும் லேசான வீக்கமும் இருக்கும். ஐஸைத் துணியில் சுற்றி ஒற்றுங்கள். இரண்டு நாள் மேக்கப், மஞ்சள், சுடுதண்ணீர் கிட்டவே வேண்டாம். கடுகு அளவு பொருக்கு தட்டினால் நகம் படக்கூடாது, பட்டால் தழும்புதான். நம் நிறத்துக்குக் கரும்புள்ளி சீக்கிரம் விழும். அதுவும் பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் குடை இல்லாமல் நடக்காதீர்கள், சன்ஸ்கிரீனும் போடுங்கள்.

எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளராது. இன்று தூங்குகிற முடி இரண்டு மாதம் கழித்து எழும்பும். அதனால் முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இடைவெளி கூடிக்கூடி, மோவாய்க்கே ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். கிளம்பும்போதே அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், திரும்பி வரும் பஸ்ஸில் வீங்கின முகத்தோடு நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும்.