கர்னலில் பாலிசியை மெக்கானிசத்திலிருந்து பிரிப்பது எப்படி: ஷெட்யூலரை வைத்து ஒரு செய்முறை

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கர்னலில், எந்த டாஸ்க் (ஓடும் ப்ரோக்ராம்) எப்போது சிபியுவில் ஓடும் என்று பார்த்துக்கொள்ளும் ஷெட்யூலர் செய்வது இரண்டு வேலை. ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் ரெஜிஸ்டர்களை (சிபியுவுக்குள் இருக்கும் தற்காலிக மதிப்புகளை) சேமித்துவிட்டு அடுத்ததை ஏற்றுவது மெக்கானிசம். அடுத்தது எது, அதற்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது பாலிசி. இரண்டும் ஒரே ஃபங்ஷனில் பின்னிக் கிடந்தால், லேப்டாப்புக்காகச் செய்த திருத்தம் டேட்டாபேஸ் சர்வரில் போய் வெடிக்கும்.

முதலில் எங்கே வெட்டுவது என்று பாருங்கள். சோர்ஸ் கோடை வரி வரியாகப் படித்து, மெஷினோ அதில் ஓடும் வேலையோ மாறினால் இந்த வரியும் மாற வேண்டுமா என்று கேளுங்கள். லாக் எடுப்பது, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, பேஜ் டேபிளைத் தொடுவது எதுவும் மாறாது, அவை மெக்கானிசம். கோடுக்குள் நேரடியாக எழுதிய எண்களைத்தான் சந்தேகப்பட வேண்டும். டைம் ஸ்லைஸ் (ஒரு தடவை ஓடத் தரும் நேரம்), த்ரெஷோல்டு, மறுமுயற்சி எண்ணிக்கை எல்லாம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் பாலிசிதான்.

அடுத்தது இன்டர்ஃபேஸ். இதற்கு லினக்ஸ் 6.12-இல் (2024) சேர்ந்த ஷெட்-எக்ஸ்ட் (sched_ext), அதாவது ஷெட்யூலர் பாலிசியைத் தனியாக எழுதி ஏற்றும் வசதி, நல்ல பாடம். அதில் பாலிசி என்பது கால்பேக்குகள் (தேவைப்படும்போது கர்னல் அழைக்கும் ஃபங்ஷன்கள்) அடங்கிய ஓர் அட்டவணை: விழித்த டாஸ்க்கை எந்த சிபியுவுக்கு அனுப்புவது, எந்த வரிசையில் போடுவது, சிபியு காலியானால் எதைக் கொடுப்பது. கட்டாயமாக நிரப்ப வேண்டியது ஷெட்யூலரின் பெயர் மட்டும். மற்றவற்றை விட்டுவிட்டால் கர்னலின் இயல்பான நடத்தை வரும். உங்கள் இன்டர்ஃபேஸிலும் இதையே செய்யுங்கள். காலி அட்டவணையோடும் மெஷின் ஓட வேண்டும்.

பாலிசி கர்னலின் ரன் க்யூவை, அதாவது ஓடக் காத்திருக்கும் டாஸ்க்குகளின் பட்டியலை, தொடுவதே இல்லை. நடுவில் டிஸ்பாட்ச் வரிசைகள் நிற்கின்றன. ஒவ்வொரு சிபியுவும் தன் லோக்கல் வரிசையிலிருந்துதான் எடுத்து ஓட்டும்; அது காலியானால் குளோபல் வரிசையைப் பார்க்கும்; அங்கும் இல்லையென்றால் பாலிசியைக் கேட்கும். வரும் டாஸ்க்கை எல்லாம் இயல்பான 20 மில்லிவிநாடி ஸ்லைஸோடு குளோபல் வரிசையில் போட்டாலே ஓடக்கூடிய ஷெட்யூலர் தயார். பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மெய்நிகர் நேரப்படி (டாஸ்க் இதுவரை ஓடிய நேரத்தை அதன் எடைக்கேற்பக் கணக்கிட்டது) வரிசைப்படுத்த நினைத்தால் இந்த உள்ளமைந்த வரிசைகள் உதவாது, சொந்தமாக ஒன்றை உருவாக்கியாக வேண்டும்.

எத்தனை முறை பாலிசியைக் கேட்பது என்பதில்தான் பல டிசைன்கள் அடிபடுகின்றன. 1970-களில் கார்னகி மெலனில் உருவான ஹைட்ரா என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம், பாலிசியைக் கர்னலுக்கு வெளியே யூசர் ப்ராசஸாக வைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் முன்னுரிமை, ஸ்லைஸ் போன்ற மதிப்புகளைப் பாலிசி அமைத்துக் கொடுக்க, உடனடித் தேர்வைக் கர்னலே செய்தது. ஷெட்-எக்ஸ்ட் பாலிசி, சரிபார்க்கப்பட்ட பிபிஎஃப் (கர்னலுக்குள் ஏற்றி ஓட்டக்கூடிய சிறு கோடு) ப்ரோக்ராமாகக் கர்னலுக்குள்ளேயே ஓடுவதால் ஒவ்வொரு விழிப்பிலும் கேட்க முடிகிறது. உங்கள் பாலிசி யூசர் ஸ்பேஸில்தான் இருக்கும் என்றால் ஹைட்ராவின் வழிக்கே போங்கள். இன்னொரு சிக்கலும் அங்கே உண்டு. பாலிசி ப்ராசஸுக்கே பேஜ் ஃபால்ட் (தேவையான பக்கம் மெமரியில் இல்லாத நிலை) வந்து, அதைத் தீர்க்க வேண்டிய டாஸ்க் இதே பாலிசியின் முடிவுக்காகக் காத்திருந்தால் டெட்லாக்: இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். அந்த ப்ராசஸின் மெமரி முழுவதையும் ரேமிலேயே இருக்கும்படி லாக் செய்துவிடுங்கள்.

பாலிசியை நம்பாதீர்கள். ஓடத் தயாரான டாஸ்க் ஒன்று 30 விநாடி கவனிக்கப்படாமல் கிடந்தால் ஷெட்-எக்ஸ்டின் வாட்ச்டாக் (கண்காணிக்கும் டைமர்) அந்த பாலிசியைக் கழற்றி எறிந்துவிட்டு, டாஸ்க்குகளை வழக்கமான ஷெட்யூலரிடம் ஒப்படைக்கும். இந்தக் கெடுவைக் குறைக்கலாம், நீட்ட முடியாது. கையால் கழற்ற சிஸ்ஆர்க்யூவோடு (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் விசை) பெரிய எழுத்து எஸ், அதாவது ஷிஃப்ட்டும் எஸ் விசையும், போதும். இப்படித் திரும்பும் பாதை இல்லாத பிரிப்பை வெளியிடவே கூடாது. பாலிசியில் ஒரு பிழை வந்தால் மெஷினே உறைந்துவிடும்.

பிரித்த இடம் சரியா என்று பார்க்க, நேரெதிரான இரண்டாவது பாலிசி ஒன்றை எழுதுங்கள். முதலாவது தாமதத்தைக் குறைப்பது என்றால், இரண்டாவது மொத்த வேலையளவைக் கூட்டுவதாக இருக்கட்டும். அதற்காக மெக்கானிசத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டி வந்தாலும் வெட்டிய இடம் தப்பு.

பிரிவு மங்கிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு சிபியு ஃப்ரீக்வன்சி கட்டுப்பாட்டைப் பாருங்கள். அங்கே ஃப்ரீக்வன்சியை மாற்றும் டிரைவர் மெக்கானிசம், எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கவர்னர் பாலிசி. பொதுவான பவர்சேவ் கவர்னர், அனுமதித்த வரம்பில் மிகக் குறைந்த ஃப்ரீக்வன்சியிலேயே நிற்கும். இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் மோடில் தன் சொந்தத் தேர்வு முறையை உள்ளேயே வைத்திருக்கிறது. அங்கும் ஒரு பவர்சேவ் உண்டு, ஆனால் சுமைக்கேற்ப ஃப்ரீக்வன்சியை ஏற்றி இறக்கும். எனவே இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது கவர்னரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் டிரைவரின் பெயரைப் பாருங்கள்.