தினமும் மாறிய வேலை நிலைப்பட்டது எப்படி

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் மதியத்துக்கு மேல் பகுதி நேர வேலை. எடுத்தது கல்லாவுக்கு. ஆனால் ஒரு நாள் ஸ்டோர், மறுநாள் புடவை மடிப்பு. என்னை ஒதுக்கி வைத்த மாதிரியே இருந்தது.

சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டதற்கு, "பார்க்கலாம்மா" என்றார். 2010ஆம் ஆண்டின் பகுதி நேர ஊழியர் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். அவை ஓவர்டைம், விடுமுறை பற்றித்தான் பேசுகின்றன.

அப்புறம்தான் சுவரிலிருந்த டியூட்டி அட்டவணை கண்ணில் பட்டது. முழுநேர ஆட்களின் பெயருக்கு எதிரே வேலை இருந்தது. எங்கள் பெயருக்கு எதிரே நேரம் மட்டும். காலையில் வேலையைப் பிரித்தபின் மிஞ்சியதுதான் எனக்கு வந்திருக்கிறது.

‘கேஷியர்’ என்று போட்டிருந்த நியமனக் கடிதத்தைக் காட்டி, "அக்கா, என் பேருக்கு நேரேயும் வேலையை எழுதிடுங்க" என்றேன். அடுத்த வார அட்டவணையிலேயே எழுதிவிட்டார். இப்போது கல்லாதான்; மாற்றம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுகிறார்.