ஆண்டைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்: பாலஸ்தீன விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலஸ்தீனம் பற்றிய வாதம் சூடேறும்போது முதலில் தொலைந்துபோவது ஆண்டுதான். ஒருவர் 1897ஐ மனத்தில் வைத்துக்கொண்டு சியோனிசம், அதாவது யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்ற இயக்கம், என்கிறார். எதிரே இருப்பவர் இஸ்ரேல் உருவான 1948ஐ நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். மூன்றாமவருக்கோ நேற்றைய காசா செய்தி. ஏகாதிபத்தியம், புரட்சி, எதிர்ப்பு என்ற சொற்களுக்கும் இதே கதிதான். நான் பாலஸ்தீனர்களின் பக்கம் நிற்பவன். இந்தத் தவறுகள் என்னை உறுத்துவதற்கும் அதுவே காரணம். நிலமிழந்தவர்களின் வழக்கு தன்னளவிலேயே வலுவானது. அதைத் தப்பான தகவலை வைத்து வாதாடினால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம்.

யூதர் வேறு, சியோனிசம் வேறு

சியோனிசத்தைச் சாடுவதாக நினைத்துக்கொண்டு யூதர்களைச் சாடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தியோடர் ஹெர்சல் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். அதே ஆண்டு அக்டோபரில், ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த வில்னாவில் யூதத் தொழிலாளர்கள் பண்ட் என்ற சோசலிசக் கட்சியைத் தொடங்கினார்கள். வாழும் மண்ணிலேயே உரிமைக்குப் போராடுவோம் என்ற பண்ட், சியோனிசத்தை எதிர்த்தது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டன் வெளியிட்ட பால்ஃபர் பிரகடனத்தைப் பிரிட்டிஷ் அமைச்சரவைக்குள்ளிருந்தே கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மொன்டேகு. அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர் அவர். நம் பள்ளிப் பாடத்தில் மொன்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தில் வருகிறாரே, அதே மொன்டேகுதான்.

சியோனிசமும் ஒற்றைக் குரலாக இருந்ததில்லை. சிந்தனையாளர்களான மார்ட்டின் பூபரும் யூதா மாக்னஸும் அரபியரோடு சம உரிமையில் இரு தேசிய இனங்களின் ஒரே நாடு வேண்டும் என்றார்கள். வலதுசாரி சியோனிசத் தலைவர் விளாதிமிர் ஜபோட்டின்ஸ்கியோ 1923இல் ஒளிவுமறைவின்றி எழுதினார்: எந்த மண்ணின் மக்களும் தங்கள் நாட்டில் அயலார் குடியேறுவதை விரும்பி ஏற்கமாட்டார்கள்; ஆகவே அவர்களால் தகர்க்க முடியாத இரும்புச் சுவருக்குப் பின்னால்தான் குடியேற்றம் நடக்க வேண்டும். குடியேற்றக் காலனியம், அதாவது வெளியிலிருந்து குடியேறியவர்கள் மண்ணின் மக்களை அகற்றி நிலைகொள்வது, என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இவரைப் படித்துவிட்டு வந்து பேசலாம். வென்றது பூபரின் வழி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைவிட மோசம், உலகையே யூதர்கள் ஆட்டிவைக்கிறார்கள் என்ற கதை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ‘சியோன் மூத்தோரின் நெறிமுறைகள்’ ஒரு போலி ஆவணம். அது பழைய பிரெஞ்சு நூல் ஒன்றிலிருந்து திருடப்பட்டது என்பதை 1921இலேயே லண்டன் டைம்ஸ் வரி வரியாகக் காட்டிவிட்டது. பாலஸ்தீன இஸ்லாமிய ஆயுத இயக்கமான ஹமாசின் 1988 சாசனம் அந்தப் போலியை மேற்கோள் காட்டுகிறது. 2017இல் ஹமாஸ் வெளியிட்ட ஆவணத்தில் அது இல்லை. தங்கள் மோதல் சியோனிசத் திட்டத்தோடுதான், யூதர்களோடு அல்ல என்று அது சொல்கிறது. ஹமாசைப் பழிப்பவர்கள் முதலாவதை மட்டும் எடுக்கிறார்கள். காப்பவர்கள் இரண்டாவதை மட்டும் எடுக்கிறார்கள்.

மறுபுறம், இஸ்ரேல் அரசை விமர்சித்தாலே யூத வெறுப்பு என்று முத்திரை குத்துவது. இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 1962இல் இஸ்ரேலுக்குள்ளேயே தோன்றிய மட்ஸ்பென் என்ற சோசலிச அமைப்பு சியோனிசத்தை எதிர்த்தது. 1967 அரபு–இஸ்ரேல் போர் முடிந்த சில மாதங்களில், இஸ்ரேல் கைப்பற்றிய பகுதிகளை விட்டு வெளியேற வேண்டும் என்று நாளிதழில் அறிக்கை வந்தபோது அதில் அதன் ஆட்களின் பெயர்கள் இருந்தன.

ஏகாதிபத்தியம் ஒரே கயிறு அல்ல

“இஸ்ரேல் என்பது ஏகாதிபத்தியத்தின் பொம்மை.” மேடையில் இது எடுபடும், வரலாற்றில் எடுபடாது. பால்ஃபர் பிரகடனம் ஆங்கிலத்தில் 67 சொற்கள். அவற்றில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் உண்டு. பாலஸ்தீனத்தின் அன்றைய மக்கள்தொகையில் சுமார் 90 விழுக்காடாக இருந்த மற்றவர்களுக்கு சிவில் உரிமையும் மத உரிமையும் உண்டு. அரசியல் உரிமை என்ற பேச்சே இல்லை. பேரரசின் கை இங்கே தெளிவாகத் தெரிகிறது. 1936 முதல் 1939 வரை பாலஸ்தீனத்தில் நடந்த அரபுக் கிளர்ச்சியை நசுக்கியதும் அப்போது அதை ஆண்ட பிரிட்டன்தான்.

அதே பிரிட்டன் 1939இல் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, யூதக் குடியேற்றத்தை ஐந்தாண்டுகளுக்கு 75,000 என்று கட்டுப்படுத்தியது. 1946 ஜூலையில் எருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் இருந்த பிரிட்டிஷ் தலைமையகத்தை இர்குன் என்ற சியோனிச ஆயுதக் குழு குண்டு வைத்துத் தகர்த்ததில் 91 பேர் இறந்தார்கள். பொம்மை கயிற்றை அறுத்துக்கொள்ளுமா?

நம் இடதுசாரி நண்பர்கள் பலருக்குக் கசக்கும் செய்தி இன்னொன்று. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் 33க்கு 13 என்று நிறைவேறியபோது சோவியத் ஒன்றியம் ஆதரித்து வாக்களித்தது. இந்தியா எதிர்த்தது. 1948 போரில் அமெரிக்கா ஆயுதத் தடை விதித்திருக்க, இஸ்ரேலுக்கு ஆயுதம் தந்தது செக்கோஸ்லோவாக்கியா. பின்னர் 1967 வரை அதன் முதன்மை ஆயுத நண்பன் பிரான்ஸ். 1956இல் சூயஸ் மீது பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து படையெடுத்தபோது, பின்வாங்கச் சொல்லி நெருக்கியவர்களில் அமெரிக்க அதிபர் ஐசனோவரும் ஒருவர். வாஷிங்டனின் இன்றைய தாராளம், அதாவது 2016 ஒப்பந்தப்படி பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர், முக்கியமாக 1967க்குப் பின் வளர்ந்த உறவின் விளைவு. ஏகாதிபத்தியம் என்று சொல்லுங்கள், தவறில்லை. எந்த நாடு, எந்த ஆண்டு, எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அல்ஜீரியாவை அப்படியே நகலெடுப்பது

1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது சுமார் பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரான்சுக்குப் போனார்கள். அடித்தால் குடியேறிகள் ஊர் திரும்பிவிடுவார்கள் என்ற கணக்கைப் பலர் பாலஸ்தீனத்துக்கும் போடுகிறார்கள். இஸ்ரேலின் யூதர்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் வேர் ஈராக், யேமன், மொராக்கோ போன்ற நாடுகளில் இருக்கிறது. அவர்கள் திரும்பிப் போக ஒரு பாரிஸ் இல்லை. குடியேற்றக் காலனியம் என்ற விளக்கம் இதனால் பொய்யாகிவிடாது. முடிவு அல்ஜீரியாவைப் போல வரும் என்ற எதிர்பார்ப்புதான் பொய்.

புரட்சிக் கணக்கில் இன்னொரு பிழையும் உண்டு. எருசலேமுக்கான பாதை அம்மான் வழியாகப் போகிறது, அதாவது முதலில் ஜோர்தான் மன்னராட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்று 1960களின் இறுதியில் ஜார்ஜ் ஹபாஷின் மக்கள் முன்னணியும் நயீஃப் ஹவாத்மேயின் ஜனநாயக முன்னணியும் ஆகிய பாலஸ்தீன இடதுசாரி ஆயுத இயக்கங்கள் நம்பின. இருவருமே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மார்க்சியர்கள். இது வெறும் மதச் சண்டை என்பவர்கள் இந்த இருவரை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. 1970 செப்டம்பரில் ஜோர்தான் மன்னர் உசேனின் படை அந்தப் பாதையை ரத்தத்தால் அடைத்தது. 1976இல் லெபனானின் தல் அல்-சாத்தர் அகதி முகாம் வலதுசாரிக் கிறிஸ்தவப் படைகளிடம் வீழ்ந்தபோது, ‘ஏகாதிபத்திய எதிர்ப்பு’ சிரியா அந்தப் படைகளின் பக்கம் நின்றது. எதிரிக்கு எதிரி நண்பன் என்பது பாலஸ்தீனர்களுக்குப் பலமுறை பொய்த்த கணக்கு.

ஈழத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1970களில் ஈழத்தமிழ் இயக்கமான ஈரோஸைச் சேர்ந்தவர்கள் லெபனானில் பாலஸ்தீன விடுதலை இயக்கமான ஃபத்தாவிடம் பயிற்சி பெற்றார்கள். 1984இல் கொழும்பில் இஸ்ரேலின் நலன்காப்புப் பிரிவு திறக்கப்பட்டது. 1990களில் இலங்கை விமானப்படை வாங்கிய இஸ்ரேலியக் கிபிர் போர் விமானங்கள் வன்னி வானத்தில் பறந்தன. போரை முடித்துவைத்த மகிந்த ராஜபக்ச, பாலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவில் நீண்டகாலம் இருந்தவர். 2014இல் பாலஸ்தீனத் தலைமையிடம் விருதும் வாங்கினார். சிறு இனம் நாடமைத்த முன்மாதிரி என்று இஸ்ரேலைப் போற்றுவோருக்கும், பாலஸ்தீனத்துக்குக் கொடி பிடிக்கும் எவரும் நம்மவர் என்போருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

எதிர்ப்பு என்றால் துப்பாக்கி மட்டுமா?

1936 ஏப்ரலில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் சுமார் ஆறு மாதம் நீடித்தது. ஆயுதக் குழுக்களை மட்டும் பேசுபவர்களின் கதையில் அது வருவதில்லை. 1987 டிசம்பரில் தொடங்கிய முதல் இன்டிஃபாதாவின், அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சியின், வரி மறுப்பும் வருவதில்லை.

பெத்லகேமை அடுத்த பெய்த் சாகூர் கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் சிற்றூர். ஆக்கிரமிப்பு அரசுக்கு வரி கட்டமாட்டோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். இஸ்ரேலியப் பால் வேண்டாம் என்று பதினெட்டுப் பசுக்களையும் வாங்கினார்கள். அவற்றை விற்றது ஒரு இஸ்ரேலியக் கிபுட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணை. அந்தப் பசுக்கள் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று ராணுவம் அறிவித்து, படம் வைத்துக்கொண்டு தேடியது. ஊரார் மாடுகளைக் கொட்டில் கொட்டிலாக மாற்றி ஒளித்தார்கள். 1989 இலையுதிர்காலத்தில் ராணுவம் ஆறு வாரம் ஊரை முற்றுகையிட்டது. தொலைபேசிகளைத் துண்டித்தது, வரிக்கு ஈடாக வீட்டுச் சாமான்களையும் பட்டறை இயந்திரங்களையும் லாரியில் ஏற்றிச் சென்றது. அந்த நவம்பரில் இதைக் கண்டிக்கும் தீர்மானம் பாதுகாப்பு அவைக்கு வந்தபோது அமெரிக்கா தன் தடுப்பு அதிகாரத்தால் (வீட்டோ) அதை வீழ்த்தியது. பாலஸ்தீனர்கள் ஏன் அமைதி வழியில் போராடவில்லை என்று கேட்பவர்களிடம் பெய்த் சாகூரைச் சொல்லுங்கள். ஆயுதமே ஒரே வழி என்பவர்களிடமும் சொல்லுங்கள்.

ஆயுதம் பற்றிய வாதத்தில் 1982ஆம் ஆண்டின் 37/43 தீர்மானம் கட்டாயம் வரும். அந்நிய ஆதிக்கத்தின் கீழ் இருக்கும் மக்கள் ஆயுதப் போராட்டம் உட்படக் கிடைக்கும் எல்லா வழிகளிலும் போராடும் உரிமையை ஐ.நா. பொதுச்சபை அதில் ஏற்றது உண்மை. அதை மேற்கோள் காட்டி, எது செய்தாலும் சரி என்று முடிப்பதுதான் தவறு. தேசிய விடுதலைப் போரைச் சர்வதேசப் போராக ஏற்ற 1977ஆம் ஆண்டு ஜெனீவாக் கூடுதல் நெறிமுறை, குடிமக்களைத் தாக்கக் கூடாது என்பதையும், பணயக்கைதிகளைப் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் தாய்லாந்திலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்களும் அவர்களில் உண்டு. இஸ்ரேலில் எல்லோருமே ராணுவத்தில் இருந்தவர்கள்தானே என்ற சமாதானம் சட்டத்தில் நிற்காது. பணியில் இல்லாதவர் குடிமகன்தான்.

காசாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டதற்குச் சொல்லப்படும் சமாதானமும் இதே வார்ப்புதான்: அந்த மக்கள்தானே ஹமாசைத் தேர்ந்தெடுத்தார்கள்? 2006 ஜனவரித் தேர்தலில் 132 இடங்களில் 74ஐ ஹமாஸ் வென்றது. கட்சிப் பட்டியலுக்கு விழுந்த வாக்கில் அதன் பங்கு சுமார் 44 விழுக்காடு. வாக்களித்தவர்களில் மேற்குக் கரை மக்களும் உண்டு. அதற்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை. 2023இல் காசா மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 18 வயது நிறையாதவர்கள். அந்தத் தேர்தல் நாளில் அவர்களில் பெரும்பாலோர் பிறக்கவே இல்லை.