எஸ்கியூலைட் தேடலில் ஹைஃபன், மேற்கோள், நம் புள்ளி

எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் முழு உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5-இல், தேடல் பெட்டியில் தட்டியதை அப்படியே தேடல் கட்டளையான மேட்ச்-க்குக் கொடுக்காதீர்கள். தமிழ்-அகராதி என்று தேடினால் அகராதி என்ற நெடுவரிசை இல்லை எனப் பிழை வரும். ஹைஃபனை அது நெடுவரிசையை விலக்கும் குறியாக எடுத்துக்கொள்கிறது. ஒற்றை மேற்கோளும் காற்புள்ளியும் சின்டாக்ஸ் பிழை தரும். உள்ளீட்டை வினவலில் ஒட்டாமல் தனியாக அனுப்பும் பைண்ட் பாராமீட்டர் இங்கே போதாது: அது எஸ்கியூஎல் வினவலைக் காக்கும், ஆனால் மேட்ச்-க்கு உள்ளே தனி இலக்கணம் ஒன்று ஓடுகிறது.

செய்ய வேண்டியது இது. உள்ளீட்டை இடைவெளியில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் உள்ள " குறியை "" ஆக்குங்கள். பிறகு சொல்லைச் சுற்றி " போட்டு, இடைவெளி விட்டு இணைத்துவிடுங்கள். தமிழ்-அகராதி 5" என்பது இப்படி ஆகும்:

"தமிழ்-அகராதி" "5"""

முன்னொட்டுத் தேடலுக்கான * மேற்கோளுக்கு வெளியே நிற்க வேண்டும்: "அகரா"*. உள்ளே வைத்தால் பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் நட்சத்திரம் மட்டும் காணாமல் போகும்.

சி++ போன்றவற்றுக்கு மேற்கோள் போட்டால் பிழை நிற்கும், ஆனால் உரையைச் சொற்களாக (டோக்கன்களாக) வெட்டும் டோக்கனைசர் ++ஐ வீசிவிட்டு வெறும் சி-யைத் தேடும். சொல்லின் பகுதியாக ஏற்க வேண்டிய குறிகளைச் சொல்லும் டோக்கன்சார்ஸ் அமைப்பில் + சேர்த்தால் சரியாகும். அப்போது 2+3 ஒரே டோக்கன் ஆகிவிடும், 3 என்று தேடினால் கிடைக்காது.

தமிழுக்குப் பெரிய அடி இயல்பு டோக்கனைசரான யூனிகோட்61-இல் விழுகிறது. அது எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கும். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்கு வெட்டும் இடம். பால் என்பது ப, ல என்று உடையும். புலியும் ப, ல தான். ஆகவே பால் தேடினால் புலி வரும்! அட்டவணை உருவாக்கும்போதே கேட்டகரீஸ் அமைப்பில் இயல்பாக உள்ள எல்* (எழுத்து), என்* (எண்), சிஓ ஆகியவற்றோடு, துணைக்குறிகளுக்கான எம்என், எம்சி இரண்டையும் சேர்த்துவிடுங்கள். இருக்கும் அட்டவணையில் இதை மாற்ற முடியாது. புதிதாக உருவாக்கித் தரவை மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும்போதும் தேடும்போதும் உரையை, குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவமான என்எஃப்சி-க்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே குறியான ொ-வும், ெ, ா என இரண்டாகத் தட்டியதும் பொருந்தாது.

இதற்குப் பிறகும் "பால்"* பாலில், பாலுக்கு இரண்டையும் பிடிக்காது, அவற்றில் பால-வுக்கு அடுத்துப் புள்ளி இல்லையே. முன்னொட்டாகத் தேடும்போது கடைசிப் புள்ளியை நீக்கி "பால"* என்று அனுப்புங்கள். பாலமும் கூடவே வரும். முழுச்சொல் பொருத்தங்களை மேலே வைத்துக் காட்டினால் அது தொந்தரவாக இருக்காது.